மானியமும் மேற்பார்வையும்: குழந்தைகள் இல்லங்களைத் தாங்குவோருக்கு ஒரு பாடம்



குழந்தைகள் இல்லத்துக்கு அரசு அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நம்மில் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. "நல்ல காரியம் செய்கிறவர்களை ஏன் இப்படி நெருக்க வேண்டும்?" என்று கேட்கிறோம். இந்தப் பாடத்தில் அந்தக் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் பார்ப்போம். ஆய்வு எதைப் பார்க்கிறது? எது அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது? காணிக்கை அனுப்பும் நமக்கு அதில் என்ன பங்கு?

1. இது புதிதல்ல

1854-ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை கிடைக்க வழி செய்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: பணம் பெறும் பள்ளி, அரசு இன்ஸ்பெக்டரின் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். மிஷன் பள்ளிகள் நிறைந்த நம் திருநெல்வேலிச் சீமைக்கு மானியமும் மேற்பார்வையும் ஒரே வாசல் வழியாகவே வந்தன.

அதற்கு வெகுகாலம் முன்பே, எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியாக எடுத்துச் செல்லவில்லை. சபைகள் நியமித்த சகோதரர்களும் உடன் சென்றார்கள். பவுலை யாரும் சந்தேகித்ததால் அல்ல. குற்றம் சொல்ல ஒருவருக்கும் இடம் இருக்கக் கூடாது என்பதால்.

2. சட்டம் என்ன கேட்கிறது?

2007-இல் மாமல்லபுரம் பகுதி அனாதை இல்லங்களில் பிள்ளைகள் படும் கொடுமை குறித்த ஒரு பத்திரிகைக் கட்டுரை, கடிதமாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. நாடெங்கும் உள்ள இல்லங்கள் அனைத்தையும் அந்த ஆண்டு முடிவுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆய்வுக் குழுக்களை அமைக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. இந்தியா முழுவதற்குமான அந்தத் தீர்ப்புக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கண்ணீரே காரணம் என்பதை நாம் மறக்கலாகாது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் பதிவு பெற்றாக வேண்டும். "நாங்கள் அரசிடம் ஒரு பைசாகூட வாங்கவில்லையே" என்பது பதில் ஆகாது. மானியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் பதிவு கட்டாயம். அந்தப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவின்றி நடத்தினால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கென்று 2014-இல் தமிழ்நாடு தனிச்சட்டமும் இயற்றியது.

ஆய்வுக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது இல்லத்துக்கு வர வேண்டும். குழுவில் குறைந்தது மூன்று பேர். அவர்களில் ஒருவராவது பெண், ஒருவர் மருத்துவ அலுவலர்.

3. ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் புத்தகம், உணவுப் பட்டியல் எல்லாம் ஆய்வு நாளில் பளிச்சென்று இருக்கலாம். ஆனால் குழுவில் மருத்துவர் ஏன் இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். எடை அட்டையில் மாதாமாதம் ஒரே எண் எழுதப்பட்டிருந்தால், தராசு அலமாரியை விட்டு வெளியே வரவில்லை என்று அவருக்குத் தெரியும். விரல் இடுக்கில் சொறி, கண் இமைக்குள் வெளுப்பு, படுக்கையை நனைக்கும் பத்து வயதுப் பிள்ளை: இவை எந்தப் பதிவேட்டிலும் இரா. பிள்ளையின் உடம்பில்தான் இருக்கும்.

இல்லங்களில் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆலோசனைப் பெட்டி வைக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகளில் உள்ளது. அது அலுவலகத்துக்கு அருகில் அல்ல, பிள்ளைகள் தங்கும் பகுதிக்கு அருகில் இருக்க வேண்டும். சாவியும் இல்லப் பொறுப்பாளரிடம் இராமல் நிர்வாகக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். யார்மேல் குறை எழுதப்படுமோ அவர் கையில் சாவி இருந்தால் பெட்டி காலியாகவே இருக்கும் அல்லவா?

4. தலையெண்ணிக்கை என்னும் கண்ணி

இனி வருவதே இப்பாடத்தின் மையம். மானியம் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. 2022-இல் வெளியான மிஷன் வாத்சல்யா நெறிமுறைகள், இல்லத்தில் தங்கும் பிள்ளை ஒன்றின் பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தன. ஆகவே அதிகாரி தலைகளை எண்ணுகிறார். அறுபது பேர் என்று ஏட்டில் இருந்தால் அறுபது பேர் வரிசையில் நிற்க வேண்டும். அது சரிதான். ஆனால் பணம் தலையைப் பின்தொடரும்போது, ஒரு கட்டிலையும் காலியாக விடக் கூடாது என்ற எண்ணம் நல்ல மனதுக்குள்ளும் மெல்ல நுழைந்துவிடும். நன்கொடையாளராகிய நாமும் "எத்தனை பிள்ளைகள்?" என்றே கேட்டு அந்த எண்ணத்துக்குத் தீனி போடுகிறோம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்தப் பிள்ளை ஏன் இங்கே இருக்கிறது?" இல்லங்களில் இருக்கும் எல்லாரும் அனாதைகள் அல்லர். தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தும் வறுமையால் விடப்பட்டவர்கள் ஏராளம். முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு விதவைத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மகனை இல்லத்தில் விடுவது அவளுக்கு அன்பில்லாததால் அல்ல, அரிசி இல்லாததால். அதே நெறிமுறைகளில், தகுதியுள்ள பிள்ளை குடும்பத்தோடே வளர மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் உண்டு. இல்லத்தில் விடுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கை.

எனவே நல்ல இல்லத்துக்கு அடையாளம் நிரம்பிய கட்டில்கள் மட்டுமல்ல. சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்பினார்கள் என்று சொல்லக்கூடிய இல்லமே நல்ல இல்லம்.

5. நாம் செய்யக்கூடியவை

காணிக்கை அனுப்பும்முன் பதிவுச் சான்றின் நகலைக் கேளுங்கள். அது காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். கடைசி ஆய்வில் சுட்டிக்காட்டிய குறைகள் என்ன, அவை தீர்ந்தனவா என்று அன்போடு விசாரியுங்கள். அரசுப் பணம் எதற்கு, நம் பணம் எதற்கு என்று தனித்தனிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதால் நட்பு கெடாது. உண்மையாய் உழைக்கிறவர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

இல்லத்துக்குப் போகும்போது பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அவர்களோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடுங்கள். தட்டில் இருப்பது பட்டியலில் இருப்பதுதானா என்று தெரிந்துவிடும்.

கூடிச் சிந்திக்க:

அ. நம் சபை ஆதரிக்கும் இல்லத்தில் பெற்றோர் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர்?

ஆ. அவர்களில் ஒருவர் வீடு திரும்ப நம் காணிக்கை உதவுமா, தடையாகுமா?

இ. கட்டில்கள் குறைந்துவிட்டன என்று ஓர் இல்லம் எழுதினால், நாம் காணிக்கையைக் குறைப்போமா, நன்றி சொல்வோமா?