டிக்கட் இல்லையென்றால் குற்றம் யாருடையது?

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு வந்து திரும்பும்போது அவிசாவளையில் இறங்கி அடுத்த பஸ் பிடிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

மேல் மாகாணத் தனியார் பஸ்களில் டிக்கட் கட்டாயம் என்று 2025இல் விதி வந்தது. டிக்கட் இல்லாமல் பரிசோதகரிடம் அகப்பட்டால் 100 ரூபா தண்டம், அத்தோடு இரு மடங்கு கட்டணம். கட்டணம் 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். காசே கொடுக்காமல் ஏறியவர் 300 ரூபா கட்டுவார். காசு கொடுத்தும் கொண்டக்டர் டிக்கட் தராமல் விட்டவரும் அதே 300 கட்டவேண்டும். முதலில் கொடுத்ததோடு சேர்த்தால் 400. ஏமாற்றியவரை விட ஒழுங்காகக் கொடுத்தவருக்குத்தான் செலவு கூட! கொண்டக்டருக்கும் 750 ரூபா தண்டம் உண்டுதான். ஆனால் அதில் ஒரு சதம்கூட நம் கைக்கு வராதே.

2025 கடைசியில் சில பஸ்களில் வங்கி அட்டையால் கட்டணம் கட்டும் முறையும் தொடங்கியது. அட்டைக்காரர் கட்டியதற்கு வங்கிக் கணக்கு சாட்சி. கைக்காசு கொடுக்கும் நமக்கோ அந்தத் துண்டுக் கடதாசி மட்டுந்தான். இது எமக்கு நியாயமாகப் படவில்லை.

ரயிலில் இன்னும் கடுமை: 3,000 ரூபாவும் இரு மடங்கு கட்டணமும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், இரண்டு நாள் கொழுந்து பறித்தாலும் போதாது. ரம்புக்கனையில் ரயில் ஏறுகிறவர்கள் சீசன் டிக்கட்டை லயத்தில் மறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பஸ்ஸில் மிச்சக்காசு வாங்கும்போதே, "டிக்கட் எக தென்ன" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இறங்கும் வரை அதைக் கசக்கிப் போடவேண்டாம்.