கலமும் உப்பும் நீரும்



உயிர்களின் உடல் கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்துள்ளது. அது நீரை எளிதிற் புகவிடும்; உப்பு, வெல்லம் முதலிய கரையங்களை அவ்வாறு புகவிடாது. ஆகவே மென்சவ்வின் இருபுறமும் செறிவு வேறுபடின், கரையச் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்திற்கு நீர் செல்லும். இதுவே பிரசாரணம் எனப்படும்.

இதனை வீட்டிலேயே காணலாம். உருளைக்கிழங்கை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, சிலவற்றை வெறும் நீரிலும் சிலவற்றை இரண்டு மேசைக்கரண்டி உப்புக் கரைத்த ஒரு குவளை நீரிலும் இடுக. இரண்டு மணி நேரத்தின் பின் எடுத்து வளைத்துப் பார்க்க. வெறும் நீரில் இருந்தவை விறைத்து நிற்கும். உப்புநீரில் இருந்தவை துவண்டு வளையும். முன்னவற்றின் கலங்களுள் நீர் புகுந்தது. பின்னவற்றின் கலங்களிலிருந்து நீர் வெளியேறியது. ஊறுகாய்க்கு உப்பிட்ட தேசிக்காயிலிருந்து நீர் ஊறுவதும் இதனாலேயே.

தாவரக் கலத்திற்கு உறுதியான கலச்சுவர் உண்டு. எனவே அது வீங்கினும் வெடிப்பதில்லை. எமது குருதியிலுள்ள செங்குழியத்திற்கு அச்சுவர் இல்லை. வெறும் நீரில் இட்டால் அது வீங்கி வெடிக்கும். செறிந்த உப்புநீரில் சுருங்கும். 100 மில்லிலீற்றரில் 0.9 கிராம் உப்புள்ள கரைசலில் தன் பருமன் மாறாதிருக்கும். நோயாளருக்கு நாளத்தினூடாக ஏற்றும் சேலைன் இவ்வளவு உப்புடன் தயாரிக்கப்படுவதன் காரணம் இப்போது விளங்கும்.

இக்கணக்குப் பிழைத்தால் உயிருக்கே ஆபத்தாகும். நாம் முகாமில் இருந்த காலத்தில், வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைக்குக் கொடுப்பதற்காக, ஒரு லீற்றர் நீரிற் கரைக்கவேண்டிய உப்பு, குளுக்கோசுப் பொதியை ஒரே கோப்பை நீரிற் கரைத்தார் ஒரு தாய். கரைசல் தடித்தால் நோய் விரைவில் மாறும் என்று அவர் எண்ணினார். நாம் தடுத்து, மிகுதி நீரையும் அளந்து சேர்த்தோம். செறிந்த கரைசல் குடலினுள் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும்; குருதியில் உப்பு மிகுந்தால் மூளைக் கலங்கள் சுருங்கும். மாறாக, வெறும் நீரை மட்டுமே மிகுதியாகக் கொடுத்தால் குருதியின் உப்புச் செறிவு குறைந்து மூளைக் கலங்கள் வீங்கும். மண்டையோட்டினுள் வீங்க இடமில்லை, வலிப்பு உண்டாகலாம்.

சரியான அளவிற் கரைத்தால், சிறுகுடலில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உறிஞ்சப்பட, நீரும் அவற்றைப் பின்தொடரும். 1971 இல் பங்களாதேசப் போரின்போது, இந்திய எல்லையிலுள்ள பொங்காவில் கொலரா பரவியது. சேலைன் தீர்ந்துபோகவே, வைத்தியர் திலீப் மகாலனபிஸ் அகதிகளுக்கு இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்கிற்கும் கீழே குறைந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் பொதியில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் வேறு இரு உப்புக்களும் உள்ளன. இது ஒரு லீற்றர் நீருக்கு உரியது. பொதியில் எழுதிய அளவே மருந்தின் பாதி எனக் கொள்க.

மாணவர்களே, பின்வரும் வினாக்களுக்குப் பெற்றோருடன் கலந்து தமிழில் விடை எழுதுங்கள்.

1. கடலில் தத்தளிப்போர் கடல்நீரைக் குடித்தால் தாகம் கூடுவது ஏன்?
2. வாடிய கீரை நீரில் இட்டதும் நிமிர்வது ஏன்?
3. செங்குழியம் வெடிக்கும் நீரில் உருளைக்கிழங்குக் கலம் வெடிக்காதது ஏன்?