வாத்து வாங்கிக்கொள்ளாத வியாதி

ராயபுரத்துச் சந்துகளிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் நாலு கோழி, இரண்டு வாத்து, ஒரு வான்கோழி என்று கொல்லையில் கலந்து வளர்ப்பவர்கள், என்னைக் கால்நடை வைத்தியன் என்று அறிந்த மாத்திரத்தில் சொல்லத் தவறாத சமாசாரம் ஒன்று உண்டு: “வாத்து இருக்கிற வூட்ல கோழிக்குச் சீக்கே வராது சார், வர்றதை அது தன்மேல வாங்கிக்கும்.” தொட்டி மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கண்டம் கழிந்தது என்று நம்புகிற மனம், அந்த உத்தியோகத்தை வாத்துக்கும் கொடுத்துவிட்டது போலும்.

1920களின் இறுதியில் குமாவுன் மலையூரான ராணிக்கேத்தில் இனங்காணப்பட்டதால் அவ்வூரின் பெயரையே பெற்ற வெள்ளைக் கழிச்சல் நோயின் வைரஸ், வாத்தின் உடம்பிலும் குடியேறும். ஆனால் பெரும்பாலும் அதைப் படுக்கவைப்பதில்லை. ஆகவே வாத்து வாங்கிக்கொள்கிறது என்பதுவரை சரி. வாங்கியதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்று யார் சொன்னார்கள்? எச்சத்தில் கழித்தும், அலகை அலசும் தண்ணீர்ச் சட்டியில் கலந்தும், அதே சட்டியில் குடிக்கிற கோழிக்கு அது தாராளமாகத் தானம் செய்கிறது. கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சாய்கிற வேளையில், ஓரத்திலே சுகமாகச் சேறு கிளறும் வாத்தைக் காட்டி அதன் சக்தியைப் புகழ்கிறார்கள். பிறகு கோழி ஏன் செத்தது என்று கேட்டால், இன்னும் இரண்டு வாத்து வாங்கியிருக்க வேண்டுமாம்! பறவைக் காய்ச்சலிலும் வாத்தின் யோக்கியதை பல சமயம் இதுவேதான்.

வான்கோழியின் கதை இதற்கு நேர்மாறு. கோழியின் குடலில் அதிகத் தொல்லை தராமல் வாழும் ஒரு புழுவின் முட்டைக்குள் ஒளிந்து வருகிற நுண்ணுயிர், வான்கோழியின் ஈரலைப் புண்ணாக்கி, கந்தக நிறக் கழிச்சலோடு கொன்றுவிடும். அம்முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்குமாதலால், கோழி மேய்ந்த தரையில் வான்கோழியை விடாதிருப்பதே உத்தமம்.

கினிக்கோழி பாம்பை விரட்டுமா? கூச்சல் போடும், அவ்வளவுதான். சிந்திய தீவனத்துக்கு எலியும் எலிக்குப் பாம்பும் வருவது நிற்காது. வாத்துக்குக் குளம் அவசியமா? தலை முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் போதும். ஆனால் அதைக் கோழிக்கூட்டிலிருந்து தள்ளியே வையுங்கள், ஈரத்தரை ரத்தக்கழிச்சலை வருவிக்கும். குளமில்லையென்று எண்ணூர் முகத்துவாரத்தில் விடுகிறவர்கள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே மிதந்த எண்ணெய்ப் படலத்தை அதற்குள் மறந்தார்களா? இறகில் எண்ணெய் ஒட்டினால் வாத்தும் நனைந்து விறைத்துப்போகும்.

ராணிப்பேட்டையில் 1932 முதலே கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம் நமக்கு இருக்கிறது. வெள்ளைக் கழிச்சலைத் தடுக்க, ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரம் ஓர் ஊசி: இதைச் செய்யாமல் வாத்துக்கு விலை பேசுவது மூடத்தனம். ஒரு குப்பி நூறு பறவைக்கானது, நாலு கோழிக்கு எப்படி என்கிறார்கள். தெருவே சேர்ந்து வாங்கினால் என்ன குறைந்துவிடும்? காசிமேட்டில் மீனுக்கு மலைமலையாக ஐஸ் உடைக்கிற ஊரில், தடுப்பு மருந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் வருகிறவர்களை நான் பார்க்கிறேன். ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். கரைத்த மருந்தை உடனே போட்டு முடியுங்கள். மிஞ்சியதை அடுத்த வாரத்துக்கென்று எடுத்துவைக்காதீர்கள்.