ஷெஃபீல்டு வாக்குப்பெட்டி தரும் பாடம்

தேர்தல் முடிவு வந்தவுடன் யார் வென்றார், யார் தோற்றார் என்று பார்ப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். எண்களுக்குப் பின்னால் ஒரு நகரத்தின் கதை இருக்கும். அதற்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் நல்ல எடுத்துக்காட்டு.

ஷெஃபீல்டு மாநகர் மன்றத்தில் 28 வட்டாரங்கள் உண்டு. வட்டாரத்திற்கு மூவர் வீதம் மொத்தம் 84 உறுப்பினர்கள். எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடப்பது அரிது. பொதுவாக நான்கு ஆண்டுகளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் நடக்கும். ஆகவே மக்களின் கோபம் மன்றத்தில் மெதுவாகத்தான் தெரியும்.

அந்தக் கோபத்திற்கு ஒரு காரணம் மரங்கள். சாலைகளைச் சீரமைக்க மன்றம் 2012-இல் ஒரு தனியார் நிறுவனத்துடன் 25 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அதன்கீழ் ஆயிரக்கணக்கான சாலையோர மரங்கள் வெட்டப்பட்டன. 2016 நவம்பரில் ரஸ்ட்லிங்ஸ் சாலையில் விடியுமுன்னே மரம் வெட்டும் வேலை தொடங்கியது. அதை எதிர்த்த மூதாட்டிகள் கைது செய்யப்பட்டார்கள். "இந்த முடிவை எடுத்தவர்கள் யார்?" என்ற கேள்வி எழுந்தது.

அன்று இருந்தது தலைவர், செயற்குழு முறை. மன்றத் தலைவரும் அவர் தேர்ந்தெடுத்த சிலருமே முக்கிய முடிவுகளை எடுத்தனர். மற்ற உறுப்பினர்களால் கேள்வி கேட்க முடியும், முடிவெடுக்க முடியாது. வாக்காளர்களில் 5 விழுக்காட்டினர் கையொப்பமிட்டால் இம்முறையை மாற்றப் பொது வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டம். மக்கள் தெருத்தெருவாகச் சென்று கையொப்பம் திரட்டினார்கள்.

2021 மே 6 அன்று மன்றத் தேர்தலும் பொது வாக்கெடுப்பும் ஒன்றாக நடந்தன. சுமார் 65 விழுக்காட்டினர் குழு முறையை ஆதரித்தனர். மன்றத்தில் தொழிற்கட்சி 41, லிபரல் டெமாக்ரட் 29, பசுமைக் கட்சி 13, பழைமைவாதக் கட்சி 1 என்று இடங்கள் அமைந்தன. பெரும்பான்மைக்கு 43 தேவை. 2011 முதல் ஆண்ட தொழிற்கட்சி இரண்டே இடங்களில் அதை இழந்தது. மன்றத் தலைவர் பாப் ஜான்சனே ஹில்ஸ்பரோ வட்டாரத்தில் பசுமைக் கட்சியிடம் தோற்றார்.

2022 மே முதல் குழு முறை நடப்புக்கு வந்தது. இதில் கட்சிகளின் பலத்திற்கேற்பக் குழுக்களில் இடம் கிடைக்கிறது; சிறிய கட்சி உறுப்பினரும் முடிவில் வாக்களிக்கிறார். மரப் பிரச்சினையை ஆராய்ந்த விசாரணை அறிக்கை 2023-இல் வெளிவந்து மன்றத்தின் தவறுகளைச் சுட்டியது. மன்றம் மன்னிப்புக் கேட்டது. வெட்டிய மரங்கள் திரும்பி வரவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

நம் நாட்டிலும் இத்தகைய தேர்தல் இருந்தது. 1957-இல் ஜார்ஜ் டவுனின் மேயரானவர் டி. எஸ். ராமநாதன். 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது; இன்றும் உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். நம் தெருவில் ஒரு மரம் வெட்டப்பட்டால், கால்வாய் அடைத்துக்கொண்டால், புகார் கொடுக்கலாம். வாக்குச் சீட்டால் பதில் சொல்ல முடியாது. நம் தலைமுறை அந்த உரிமையைப் பயன்படுத்தியதே இல்லை. அதனால் அதன் அருமையையாவது நாம் படித்துத் தெரிந்துகொள்வோம்.