களத்து நாயின் மூக்கில் ரத்தம் வந்தால்…



நம் பகுதியில் நாயை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பவர்கள் குறைவு. ஆனால் வயலுக்கும், தென்னந்தோப்புக்கும், ஆட்டுக்கொட்டிலுக்கும் காவலாக ஒரு நாட்டு நாய் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வேட்டைக்கும், கால்நடைகளுக்கும், பயிருக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்துள்ளார்கள். அப்படி நமக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் நாய், ஒருநாள் சோற்றைத் தொடாமல் துவண்டு படுத்திருக்கும். மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வடியும். "சூடு, மோர் ஊத்துனா சரியாயிடும்" என்பார் ஒருவர். "நஜீஸ், கிட்டப் போகாதே" என்பார் மற்றொருவர். இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நாய் இறந்துபோகும்.

மூக்கில் ரத்தம் வருவது ஒரு நோயல்ல, நோயின் அடையாளம். சோர்வும் சேர்ந்திருந்தால் பல நேரங்களில் கோளாறு மூக்கில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. ரத்தம் உறையும் சக்தியை இழந்துவிட்டது என்று பொருள். கொளுத்தும் வெயிலில் கட்டிப்போட்ட நாய் மயங்கி விழுந்து ரத்தம் கசிவதும் உண்டுதான். ஆனால் நிழலில் நாள்கணக்கில் சோர்ந்து கிடக்கும் நாய்க்குச் சூடு காரணமாகாது.

முதல் சந்தேகம்: உண்ணிக் காய்ச்சல்

நாயின் காது மடலிலும், கால்விரல் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் பழுப்பு நிற உண்ணியை எல்லோரும் பார்த்திருப்போம். அது ரத்தம் குடிக்கும்போது எர்லிக்கியா என்னும் நுண்கிருமியை நாயின் உடம்பில் செலுத்திவிடும். இந்தக் கிருமி 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தென்னிந்திய நாய்களிடம் இருப்பது 1944-இலேயே சென்னையிலிருந்து பதிவாகியுள்ளது. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கும் மேல் மூக்கில் ரத்தம் வடிந்து மடிந்ததும் இதே நோயால்தான்.

டெங்கு வந்தவருக்கு "பிளேட்லெட் குறைந்துவிட்டது" என்று மருத்துவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கும் நடப்பது அதுதான். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும். நல்ல நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை அவை இருக்கும். மிகவும் குறைந்துவிட்டால் மூக்கில் ரத்தம் வடியும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், மலம் கறுத்துப்போகும்.

உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல் வரும். சில நாய்களுக்கு அது தானாகத் தணிந்துவிடும். நாம் குணமாகிவிட்டது என்று நினைப்போம். கிருமியோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட உள்ளே தங்கியிருந்து எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும். அந்த நிலைக்குப் போய்விட்டால் காப்பாற்றுவது கடினம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்னும், விலை அதிகமில்லாத மாத்திரை போதும். எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து ஓடும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உண்ணி கடிப்பதால் வரும் பபேசியா என்னும் வேறொரு நோயும் உண்டு. அது சிவப்பணுக்களை அழிப்பதால் ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பித் தண்ணீர் நிறமாகும். ரத்தப் பரிசோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இரண்டாவது: எலி மருந்து

இது நம் நெல் வயல்களோடு சேர்ந்த ஆபத்து. வரப்பில் வைக்கும் புரோமடியலோன் கேக்கை நாய் நேரடியாகத் தின்னலாம். அதைத் தின்ற எலியையும் தின்னலாம். அன்றே ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்துச் சோர்வு, மூச்சுத் திணறல், மூக்கிலும் ஈறிலும் ரத்தம் என்று தொடங்கும். இதற்கு மாற்று மருந்து உண்டு: வைட்டமின் கே1. ஆகவே மருத்துவரிடம் போகும்போது எலி மருந்தின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இயன்றவரை நம் முன்னோர் பழகிய கிட்டியை வைத்தே எலியைப் பிடியுங்கள். நாய் நடமாடும் நேரத்தில் மட்டும் அதைத் தட்டிவிடுங்கள்.

மற்ற காரணங்கள்

கண்ணாடி விரியன் கடித்தாலும் ரத்தம் உறையாது. முகமோ காலோ திடீரென வீங்கி ரத்தம் கசிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரால் எலிக்காய்ச்சல் வரும். வாந்தி, கண் மஞ்சளாதல், ரத்தக் கசிவு இதன் அடையாளங்கள். நாயின் சிறுநீர் வழியாக இது மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை இல்லாமல் சுத்தம் செய்யாதீர்கள்.

ஒரு நாசியில் மட்டும் ரத்தம் வந்து, தும்மிக்கொண்டே இருந்தால் புல் முள், நீர் அட்டை, அடிபட்ட காயம் அல்லது உள்ளே வளரும் கட்டியாக இருக்கலாம்.

உடனே செய்ய வேண்டியவை

1. நாயை நிழலில், அமைதியான இடத்தில் படுக்க வையுங்கள். நனைத்த துணியை மூக்குத் தண்டின்மேல் வையுங்கள். நாசிக்குள் துணியையோ பஞ்சையோ திணிக்காதீர்கள். வாயை இறுக்கிக் கட்டாதீர்கள்.

2. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

3. வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின், இபுப்ரோபென் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும்.

4. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனை தேவைப்பட்டால், 2012-இல் தொடங்கப்பட்ட ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

உண்ணியை ஒழிக்க

நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான். மீதி சுவர் விரிசலிலும், கொட்டில் மூலையிலும் ஒளிந்திருக்கும். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய்க்கு மருந்து போடும்போதே விரிசல்களையும் பூசி அடையுங்கள். உண்ணியை விரலால் நசுக்காமல் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் தடவவே தடவாதீர்கள். நாய் அதை நக்கிச் சாகும்.

நஜீஸ் என்று ஒதுங்கலாமா?

ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் சட்டம் இதைவிட இலகுவானது. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் நஜீஸ் கழுவினால் நீங்கிவிடும். ஓர் உயிரைக் கைவிட அது காரணமாகாது. கையுறையோ பழைய பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டால் சிரமமும் குறையும்.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று புகாரி, முஸ்லிம் நூல்களில் வருகிறது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதும் அதே நூல்களில் இருக்கிறது. முதலாமவருக்கு அந்த நாய் சொந்தமில்லை. நாம் கட்டிவைத்த நாயோ நம் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு நோய் வந்தால் சொல்ல வாயில்லை. நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று மாலை தோப்புக்குப் போகும்போது உங்கள் நாயின் காது மடலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

நம் பொறுப்பில் உள்ள எல்லா உயிர்களிடத்தும் இரக்கத்தோடு நடக்க வல்ல அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக! ஆமீன்.