டோக்கியோ ஏன் காத்திருந்தது?

அன்புள்ள கயல்விழிக்கு,

நியூயார்க்கில் 1931-லேயே எம்பயர் ஸ்டேட் கட்டடம் 102 மாடிகளோடு எழுந்துவிட்டது. டோக்கியோவின் முதல் வானளாவி, 36 மாடிக் கசுமிகசேகி கட்டடம், 1968-இல்தான் வந்தது. ஜப்பானியருக்குத் துணிச்சல் போதவில்லையா என்று கேட்டிருக்கிறாய். துணிச்சலுக்குக் குறைவே இல்லை. 1890-லேயே அசகுசா பகுதியில் ரியோஉன்காகு என்ற 12 மாடிக் கோபுரத்தைக் கட்டிவிட்டார்கள். பத்து மாடி செங்கல், மேல் இரண்டு மரம். ஜப்பானின் முதல் மின் லிஃப்ட் ஓடியதும் அதில்தான். 1923 செப்டம்பர் 1 பெரும் பூகம்பத்தில் அது எட்டாம் மாடியருகே ஒடிந்து விழுந்தது. எஞ்சியதை ராணுவம் வெடி வைத்துத் தகர்த்தது. உயரக் கட்டும் ஆசை அதன் பிறகும் இருந்தது. எப்படிக் கட்டினால் நிற்கும் என்பதற்குத்தான் விடை இல்லை.

விடை தேடியவர்கள் இரு கட்சியானார்கள். கட்டடம் விறைப்பாக நிற்க வேண்டும் என்றது சானோ தோஷிகாத்தாவின் தரப்பு. வளைந்து கொடுக்க வேண்டும் என்றார் கடற்படைப் பொறியாளர் மஷிமா. மரத்தாலான ஐந்தடுக்குப் பௌத்தக் கோபுரங்கள் பூகம்பங்களைத் தாண்டி நிற்கின்றனவே, அதுவே சான்றாகாதா? நல்ல தடயம்தான், ஆனால் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இரும்புக் கட்டடத்துக்கு அது கணக்காகாது. வலுவான நில அதிர்வின் பதிவுகளும், அவற்றை ஒரு வடிவமைப்பின் மீது ஓட்டிப் பார்க்கக் கணினியும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே ஜப்பானியப் பொறியாளர்களின் கைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு வளையும் கட்டடமே உயரத்துக்கு ஏற்றது என்று நிறுவியவர்களில் முதன்மையானவர் முத்தோ கியோஷி. கட்டடங்களுக்குச் சட்டம் விதித்திருந்த 31 மீட்டர் உயர வரம்பு 1963-இல் தளர்ந்தது. கசுமிகசேகி கட்டடத்தின் வேலை 1965-இல் தொடங்கி, 147 மீட்டரில் முடிந்தது. அதன் சுவர்களைக் கொஞ்சம் கவனி. நடுப்பகுதியின் கான்கிரீட் சுவர்களில் மேலிருந்து கீழாக வரிசையாகப் பிளவுகள் விட்டிருந்தார்கள். காற்றுக்கும் சிறு அதிர்வுக்கும் சுவர் விறைப்பாக நிற்கும். பெரிய பூகம்பம் வந்தால் பிளவுகளுக்கு இடையிலுள்ள பட்டைகள் தனித்தனியே வளைந்து, நுண்ணிய விரிசல்களில் அதிர்வின் ஆற்றலைச் செலவழிக்கும். எடையைத் தாங்குவது இரும்புச் சட்டகம். இரு கட்சியின் நியாயமும் ஒரே சுவரில் இருப்பதை நான் பொறியியலின் அழகான தருணங்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

அந்த உயர வரம்பு 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, பூகம்பத்துக்கு முந்தையது, எனவே அது அறிவியல் எச்சரிக்கை அல்ல என்று நீ மறுக்கலாம். உண்மைதான். வந்த காரணம் வேறு; 1923-க்குப் பிறகு அது நிலைத்ததற்குக் காரணம் வேறு. நியூயார்க்கின் பொறியாளர் முதன்மையாகக் காற்றோடு போராடினார்; டோக்கியோவில் நிலமே நகர்கிறது. ஆகவே அந்தக் காத்திருப்பை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: 2011 மார்ச் 11 பூகம்பத்தில் டோக்கியோவின் உயர்ந்த கட்டடங்கள் பல நிமிடங்கள் ஆடின. மெதுவாக அசையும் நீண்ட அலைகள் வளையும் கட்டடங்களையே அதிகம் ஆட்டும் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் அவற்றில் ஒன்றும் சரியவில்லை. பின்னர் பலவற்றில் அதிர்வு தணிக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். 1968-இல் கிடைத்த விடை முழுமையானதல்ல, சரியான திசையில் கிடைத்த முதல் விடை.

பொறியியல் படிக்கப் போகிறாய். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அதன் உயரத்தைக் குறிப்பதற்கு முன், அது எந்த மண்ணில், எந்த விசையை எதிர்த்து நிற்கிறது என்று எழுதி வை.

அன்புடன்.