இணைய விளையாட்டு: அடிமைத்தனத்திலிருந்து மீட்சி

இணையத்தில் ஆடப்படும் காணொளி விளையாட்டுகளில் பலவற்றிற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. விலை இல்லாப் பண்டத்திற்குத் தேவை பெருகும் என்பது பொருளியலின் தொடக்கப் பாடமாகும். ஆயினும், இங்கு விலை இல்லை என்பது வெறும் தோற்றமே. நாள்தோறும் 4 மணி நேரம் விளையாடும் மாணவன் ஓராண்டில் 1,460 மணி நேரத்தை, அதாவது ஏறத்தாழ 61 முழு நாட்களைச் செலவிடுகிறான். படிப்பு, உறக்கம், உடற்பயிற்சி ஆகியவற்றிலிருந்து கழிக்கப்படும் இந்நேரமே அவன் செலுத்தும் விலையாகும்.

பொழுதுபோக்கும் நோயும்

விளையாடுவோர் அனைவரும் அடிமைகள் அல்லர். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், விளையாட்டுக் கோளாறு இடம் பெற்றுள்ளது. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளைவிட அதற்கே முதலிடம் அளித்தல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகியன அதன் அடையாளங்கள். இவை வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்து, பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால் நோய் எனக் கொள்ளப்படும். எனவே, மணிக்கணக்கு மட்டுமே அளவுகோல் அன்று.

பிணிப்பின் தன்மை

ஒரு பண்டத்தை நுகர நுகர அதன் இறுதிநிலைப் பயன்பாடு குறைவது இயல்பு. இவ்விளையாட்டுகளோ அந்த நிறைவு எளிதில் ஏற்படாதவாறு அமைக்கப்படுகின்றன. எப்போது கிட்டும் என்று தெரியாத பரிசு, ஒரு பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் 1950களிலேயே ஆய்ந்து காட்டினார். நாள் தவறாது வருவோர்க்குச் சலுகை, குழுவினரை நடுவில் விட்டு விலக இயலாத ஆட்டம் ஆகியவையும் பிணிப்பை இறுக்குகின்றன. ஆகவே, பழக்கத்திற்கு ஆளானவனின் சோம்பலை மட்டும் பழிப்பது பொருந்தாது.

மீளும் வழி

ஆவல் எழும் வேளையில் மன உறுதியை மட்டும் நம்பியிருப்பது போதாது. 2005இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங், மனிதன் தன்னைத்தானே முன்கூட்டிக் கட்டுப்படுத்திக்கொள்ளும் உத்திகளை விரிவாக ஆராய்ந்தவர். அவ்வகையில் மூன்று படிகள் பயன் தரும்.

முதலாவதாக, எப்போது, எவ்வளவு நேரம், எந்த மனநிலையில் விளையாடினோம் என்பதை ஒரு வாரம் குறித்து வருதல் வேண்டும். இரண்டாவதாக, விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து நீக்கி, அதில் பதிந்து வைத்த வங்கி அட்டை விவரங்களை அழித்து, இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தல் வேண்டும். மூன்றாவதாக, காலியாகும் நேரத்தை நிரப்புதல் வேண்டும். விளையாட்டு தந்தது வெற்றியா, தோழமையா, தேர்வுத் தோல்வியை மறக்கும் புகலிடமா என்று அறிந்து, அதனை வேறு வழியில் பெறாவிடில் பழக்கம் மீளும்.

தொடக்க நாட்களில் எரிச்சலும் உறக்கமின்மையும் தோன்றலாம். ஒருநாள் தவறுவது முழுத் தோல்வியாகாது. பெற்றோர் கைப்பேசியைத் திடீரெனப் பறிப்பது, பெரும்பாலும் பூசலுக்கும் ஒளிவுமறைவிற்குமே இடம் தரும். எல்லையைக் கூடிப்பேசி வகுத்து, தாமும் அதற்குக் கட்டுப்படுவதே நன்று. மனச்சோர்வு மிகுந்தால் மருத்துவரை நாட வேண்டும். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014இல் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அணுகலாம்.

சட்டத்தின் எல்லை

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. இது குடும்பங்களின் பணத்தைக் காக்கும். நேரத்தைக் காப்பது இதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. தென் கொரியா 16 வயதிற்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை விளையாடுவதை 2011இல் தடை செய்தது. 2022இல் அத்தடை முடிவுக்கு வந்தது. நேரத்தை வரையறுக்கும் பொறுப்பு குடும்பங்களிடம் சென்றது. நம் நாட்டிலும் அப்பொறுப்பு இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் உரியது. மாலைப்பொழுதில் விளையாட்டுத் திடலையும் நூலகத்தையும் திறந்து வைப்பது, அப்பணியில் பள்ளிகளும் ஊராட்சிகளும் உடனே செய்யத்தக்க உதவியாகும்.